பகல் முழுவதும் அந்த வீட்டில் இருக்கப் போவது யார்?

கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்குக் குடிபெயர இருப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ரீச்சர், வெள்ளவத்தையில இப்ப வாடகை எவ்வளவு போகுது?" என்பதுதான். கொழும்பில் தமிழர் செறிந்து வாழும் பகுதி அது. நான் தொகை சொல்வதில்லை. காலையில் பிள்ளைகள் வேலைக்குப் புறப்பட்ட பின்னர் அந்த வீட்டில் மிஞ்சப் போவது யார் என்று திருப்பிக் கேட்கிறேன். பெரும்பாலும் பதில் வருவதில்லை. ஏனென்றால் வீடு தேடுபவர் வேலைக்குப் போகிறவர். வீட்டில் மிஞ்சப் போகிறவரோ அந்நேரம் வட்டக்கச்சியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

அப்படி மிஞ்சியவர்களில் நானும் ஒருத்தி. ஓய்வு பெற்ற கையோடு, உருத்திரபுரத்து வளவைத் தங்கையின் பொறுப்பில் விட்டுவிட்டு மகனிடம் போனேன். அவன் கொழும்பின் புறநகரான மாலபேயில் தன் அலுவலகத்துக்கு நடந்து போகும் தூரத்தில் ஓர் அனெக்ஸ் எடுத்திருந்தான். குறை சொல்ல முடியாத வீடு: இரண்டு அறைகள், முற்றத்தில் ஒரு பலா, வற்றாத குழாய்த் தண்ணீர். வீட்டுக்காரரின் மனைவி பாற்சோறு சமைக்கும் நாட்களில் எங்களுக்கும் ஒரு தட்டு அனுப்புவார். ஆனால் எனக்குத் தெரிந்த சிங்களம் விரல் விட்டு எண்ணக்கூடியது. ஒருநாள் நெஞ்செரிவுக்கு மருந்து வாங்கப் போய், சொல் தெரியாமல் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். மருந்துக் கடைக்காரப் பிள்ளை பதறிப்போய் என்னை வைத்தியசாலைக்கு அனுப்ப ஓட்டோவை மறித்துவிட்டாள். இன்று சிரிப்பாக இருக்கிறது. அன்று வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முப்பது வருடம் வகுப்பறையில் பேசிப் பிழைத்தவள், காலை ஏழு மணியிலிருந்து இரவு ஏழு மணிவரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்த நாட்கள் அந்த மூன்று மாதத்தில் அதிகம்.

பிறகு வெள்ளவத்தைக்கு மாறினோம். வாடகை ஏறக்குறைய இரு மடங்கு, இடம் பாதி, நான்காம் மாடி, பலாவுக்குப் பதிலாக எதிர்த் தொடர்மாடியின் சுவர். ஆனாலும் சந்தையில் மீன்காரருடன் தமிழில் விலை பேசினேன். வெள்ளிக்கிழமைகளில் மயூரபதி அம்மன் கோயிலுக்கு நடந்து போனேன். தமிழ்ச் சங்க நூலகத்தில் பத்திரிகை வாசித்தேன். வடக்கிலிருந்து வரும் இரவுப் பேருந்துகள் காலி வீதியிலேயே ஆட்களை இறக்குவதால், தங்கை கொடுத்துவிடும் முருங்கைக்காயும் மொட்டைக்கறுப்பன் அரிசியும் விடிவதற்குள் கையில் கிடைத்தன. இதற்கான விலையை என் மகன்தான் கொடுத்தான். கொள்ளுப்பிட்டிவரை ஒரு பஸ், அங்கிருந்து மாலபே வழியாகப் போகும் 177ஆம் இலக்கக் கடுவலை பஸ், மாலையில் அதே பயணம் மறுபக்கமாக. அவன் இந்தப் பதிவை எழுதினால் வேறு விதமாக எழுதக்கூடும்.

ஆகவே எல்லோரும் வெள்ளவத்தைக்கே போங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டிலுள்ள எல்லோரும் காலையில் வெளியேறுபவர்கள் என்றால், அல்லது சிங்களம் ஓரளவு பேசக்கூடியவர்கள் என்றால், அந்தப் பெயருக்காக மாதா மாதம் காசு கொடுப்பது வீண். கொழும்புக் கோட்டையில் வேலை செய்பவருக்குத் தெகிவளை, கல்கிசை, இரத்மலானை எல்லாம் ஒரே கரையோர ரயில் பாதையில்தான் இருக்கின்றன. வடக்குப் பக்கத்தில் கொட்டாஞ்சேனையும் வத்தளையும் தமிழ் கேட்கும் இடங்களே. பொன்னம்பலவாணேசுவரர் கோயிலும் கொச்சிக்கடை அந்தோனியாரும் அருகருகே இருக்கும் அந்தப் பக்கத்தை எங்கள் வன்னி ஆட்கள் ஏனோ கணக்கில் எடுப்பதே இல்லை. சிறு பிள்ளை இருந்தால் வேறொரு கணக்கும் உண்டு: முதலாம் வகுப்பு அனுமதியில் பாடசாலைக்கு உள்ள தூரமும் வாக்காளர் இடாப்புப் பதிவும் பார்க்கப்படுவதால், அதைச் சில ஆண்டுகள் முன்னதாகவே யோசிக்க வேண்டும்.

"எங்கட ஆக்கள் இருக்கிற இடம்தான் பாதுகாப்பு" என்பவர்களுக்கு நான் 2007ஐ நினைவூட்டுவதுண்டு. அந்த ஆண்டு ஜூன் 7ஆம் திகதி விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி ஊருக்கு அனுப்பியபோது, வெள்ளவத்தை விடுதிகளிலிருந்தும்தான் ஏற்றினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததால் அது நின்றது. இடத்தின் பெயர் எவரையும் காக்கவில்லை. அதனாலேயே, ஆறு மாத முற்பணம் கேட்டாலும் ஒரு வருட முற்பணம் கேட்டாலும், வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்காமல் சாமான் இறக்காதீர்கள் என்கிறேன்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரணைமடுக் குளத்தின் கீழ்க் குடியேற்றக் காணி பெற்றவர்களுக்கு மேட்டுக்காணி எது, வயற்காணி எது என்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. வீட்டை மேட்டில் கட்டி, நெல்லைப் பள்ளத்தில் விதைத்தோம். அதே ஆட்கள் கொழும்புக்குப் போனதும் வாடகை மலிவு என்ற ஒரே காரணத்துக்காகப் பள்ளத்தில் வீடு எடுக்கிறார்கள். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் நின்றது. அந்தப் பக்கம் வீடு பார்க்கப் போனால் புதுப் பெயின்ற்றை நம்பாமல், மதிற்சுவரிலும் அயல் வீட்டுக் கதவுகளிலும் தண்ணீர் நின்ற தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். வேலை முடிந்து இருட்டில் போய்ப் பார்த்தால் அது தெரியாது.

வீடு பார்க்கத் தரகரோடு தனியே போகாமல், பகலில் அங்கே இருக்கப் போகிற அம்மாவையோ மனைவியையோ முன்கூட்டியே ஊரிலிருந்து அழைத்துக்கொண்டு போங்கள். பஸ் செலவு, ஒரு இரவுத் தங்கல், அவ்வளவுதான். காலை பதினொரு மணியளவில், தெருவில் ஆண்கள் குறைவாக இருக்கும் நேரத்தில், அவரைத் தனியே அருகிலுள்ள கடைக்கு அனுப்பிவிட்டு நீங்கள் வாசலிலேயே நில்லுங்கள். அவர் ஒரு இறாத்தல் பாணும் சரியான மீதிக் காசும் கொண்டு, முகம் வாடாமல் திரும்பி வந்தால் முற்பணத்தைக் கொடுங்கள்.