ஆம், என் அம்மா அந்தக் கேசினோ ஓட்டலில் ஒரு இரவு தங்கினார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்கினோம். கலிபோர்னியாவில் கபசான் என்ற ஊரில், பத்தாம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி, மொரோங்கோ என்னும் அமெரிக்கப் பழங்குடி மக்கள் நடத்தும் அந்த 27 மாடிச் சூதாட்ட விடுதியில்தான் தங்கினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. நான், என் கணவர், ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மா. யாரும் துப்பறிந்து அம்பலப்படுத்த வேண்டிய இரகசியம் இதில் எதுவும் இல்லை. சூதாட்ட மெஷின் முன்னால் அம்மா உட்கார்ந்திருக்கும் அந்தப் படத்தை என் சமூக வலைத்தளப் பக்கத்தில் போட்டதே நான்தான்.

போன வாரம் நம் தமிழர் குழுவில் நடந்ததை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். என் பக்கத்திலிருந்து அம்மாவின் படத்தை எடுத்து, "பேத்திக்குத் தமிழ்ப்பள்ளி, பாட்டிக்குச் சூதாட்டப்பள்ளி" என்று எழுதிப் போட்டீர்கள். கீழே நாற்பதுக்கும் மேல் சிரிப்புக் குறிகள். அவற்றைப் போட்டவர்களில் பாதிப் பேர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள். இன்னொருவர், "இவர்களிடமா நம் பிள்ளைகளைத் தமிழ் படிக்க அனுப்புகிறோம்?" என்று கேட்டிருந்தார். ஆறு ஆண்டுகளாகச் சனிக்கிழமை காலைகளை அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்குக் கிடைத்த மரியாதை இது. இருக்கட்டும், என் பேச்சு என்னைப் பற்றியது அல்ல.

ஓர் இடத்தில் இரவு தங்குவது வேறு, சூதாடிக் கெடுவது வேறு. இந்த வேறுபாடு தெரியாதவர்கள் இல்லை நீங்கள். தெரிந்துதான் எழுதினீர்கள்.

ஏன் அங்கே தங்கினோம் என்று சொல்கிறேன், சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை என்றாலும். அன்று பகல் முழுவதும் ஜோஷுவா மரப் பூங்காவில் இருந்தோம். அம்மாவுக்கு எழுபத்தொரு வயது, முழங்கால் வலி. இருட்டில் இரண்டு மணி நேரம் காரில் உட்கார்ந்து வீடு திரும்ப அவரால் முடியாது. பக்கத்து ஊரான பாம் ஸ்பிரிங்ஸில் பார்த்த அறைகளுக்கு இருமடங்கு விலை. ஞாயிறு இரவில் கேசினோ ஓட்டல்களின் அறை மலிவாகக் கிடைக்கும். வார இறுதிக் கூட்டம் கிளம்பியிருக்கும். அறையில் குறைவதைக் கீழே சூதாடும் தளத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு எங்களுக்கும் தெரியும். கீழ்த்தளத்தில் நாங்கள் கொடுத்தது இருபது டாலர்.

அந்த இருபது டாலரைத்தான் நீங்கள் படத்தில் பார்த்தீர்கள். விளக்குகளைப் பார்த்து, "நானும் ஒரு தடவை அமுக்கிப் பார்க்கட்டுமா?" என்று அம்மாவே கேட்டார். ஒரே ஒரு தாள். அதற்கு மேல் எடுக்கக் கூடாது என்று எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நாற்பது நிமிடம் அந்த ஸ்லாட் மெஷின் முன்னால் சிறுபிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் மெஷின் துப்பிய சீட்டில் ஏழு டாலர் நாற்பது சென்ட் இருந்தது. அதில் எங்கள் மூவருக்கும் காபி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று அடம்பிடித்தார், மீதியை நான் போட்டேன். அப்பா போன பிறகு இந்த இரண்டு ஆண்டுகளில் அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் படம் எடுத்தேன். உங்களுக்கு அது சிரிப்பு மூட்டும் படமாகத் தெரிந்திருக்கிறது.

"வள்ளுவர் சூதுக்கு ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறார், தமிழாசிரியருக்குத் தெரியாதா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். தெரியும். பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். புறங்கூறாமைக்கும் அவர் ஓர் அதிகாரம் எழுதியிருக்கிறார், அதையும் நடத்தியிருக்கிறேன்.

"இன்று இருபது டாலர், நாளை இருநூறு, அப்படித்தான் அடிமையாவார்கள்" என்று அறிவுரை சொன்னவர்களுக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்கிறேன். சூதாட்டம் குடும்பத்தைத் தின்னும் என்பதை யாரிடமிருந்தும் என் அம்மா கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. 1968-இல் அண்ணா முதல்வராக இருந்தபோது தமிழக அரசே பரிசுச்சீட்டு தொடங்கியது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்று அதற்கு விளம்பரம். என் அப்பா மாதம் ஒரு சீட்டு வாங்குவார், அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் வைப்பார், விழாது, மறந்துவிடுவார். ஊரில் யாரும் அவரைச் சூதாடி என்று சொன்னதில்லை. ஆனால் என் சித்தப்பா வேறு மாதிரி. சுரண்டல் லாட்டரி, ஒரு நம்பர் லாட்டரி என்று வந்த காலத்தில், வள்ளியூரில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த சைக்கிள் கடையை அப்படியே கரைத்தார். கடன்காரர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, அடகுக்கடைக்குப் போனது என் அம்மாவின் எட்டுப் பவுன் சங்கிலி. அது திரும்பி வரவே இல்லை. 2003-இல் தமிழகத்தில் லாட்டரியைத் தடை செய்த செய்தி வந்த அன்று அம்மா பாயசம் வைத்தார். அந்தப் பெண்மணிதான் கையில் ஒரே ஒரு தாளை எடுத்துக்கொண்டு, "இதற்கு மேல் கிடையாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தவர். அவருக்கா நீங்கள் எல்லை சொல்லித் தருகிறீர்கள்?

அடிமையானவர்கள் அங்கே இருந்தார்கள்தான். நள்ளிரவில் கண் சிவந்து உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன், மனம் கனத்தது. அதற்காக அந்தக் கட்டடத்தில் படுத்துத் தூங்கிய எல்லோரும் குற்றவாளிகள் ஆகிவிடுவார்களா? ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டுத் தற்கொலை செய்துகொண்டவர்களைப் பற்றிப் படித்துவிட்டுத்தானே ஊரில் 2022-இல் தடைச் சட்டமே கொண்டுவந்தார்கள். அந்த விளையாட்டு ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கைப்பேசியாகக் கிடக்கிறது. கைப்பேசி வைத்திருப்பவர்களை யாரும் படம் பிடித்துப் போடுவதில்லை.

அடுத்து, என்னை மிகவும் கோபப்படுத்திய வரி. "செவ்விந்தியர்கள் உழைக்காமல் சம்பாதிக்கும் இடம் அது, அவர்களுக்குப் போய்க் காசு கொடுக்கிறீர்களே." இதற்கும் பன்னிரண்டு பேர் விருப்பக்குறி போட்டிருக்கிறீர்கள். நாம் குடியேறி வந்தவர்கள். நாம் வீடு வாங்கியிருக்கும் மண் எவருடையது என்று ஒரு நாளாவது யோசித்திருக்கிறோமா?

அந்தப் பாலைவனத்தில் பல தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் கவீயா மக்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் பாதை போட்டவர்களுக்கு அமெரிக்க அரசு ஒன்றுவிட்டு ஒரு சதுர மைலாக நிலத்தை அள்ளிக் கொடுத்தது. இடையில் மிஞ்சிய சதுரங்கள்தான் பாம் ஸ்பிரிங்ஸ் பக்கத்துப் பழங்குடிகளுக்கு. இன்றும் அந்த ஊரின் வரைபடம் சதுரங்கப் பலகை மாதிரிதான் இருக்கிறது. கபசான், மொரோங்கோ என்ற இரண்டு பழங்குடிக் குழுக்களுக்கு ஒதுக்கிய நிலத்தில் தோண்டி எடுக்கவோ வெட்டி விற்கவோ ஒன்றும் இல்லை. 1980-களில் அவர்கள் பிங்கோ என்ற எண் விளையாட்டுக் கூடம் நடத்தினார்கள். அதை அடக்கிவைக்கப் பார்த்தன மாவட்டமும் மாநிலமும். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. அப்போது கபசான் குழுவில் இருந்தவர்கள் ஏறக்குறைய 25 பேர். 25 பேர்! மொரோங்கோ மக்களும் அதே வழக்கில் இருந்தார்கள். 1987-இல் அவர்கள் வென்றார்கள். தானே லாட்டரிச் சீட்டு விற்கும் மாநிலம், சூதாட்டம் தன் பொதுக்கொள்கைக்கு விரோதம் என்று சொல்ல முடியாது என்பது தீர்ப்பின் முக்கியமான காரணங்களில் ஒன்று. அடுத்த ஆண்டே அதற்கென்று மத்தியச் சட்டம் வந்தது. கிடைக்கும் வருமானத்தைப் பழங்குடி அரசின் நிர்வாகம், மக்களின் நலன் போன்ற சில வகைகளில்தான் செலவழிக்கலாம் என்று அந்தச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. கலிபோர்னியாவில் கேசினோ இல்லாத, அல்லது மிகச் சிறிதாக நடத்தும் பழங்குடிகளுக்கு, பெரிய கேசினோக்கள் செலுத்தும் பொது நிதியிலிருந்து ஆண்டுக்கு 11 லட்சம் டாலர் வரை போகிறது. இதுவா உழைக்காத சம்பாத்தியம்? எல்லாவற்றையும் இழந்தவர்கள், கையில் மிஞ்சிய ஒரே உரிமையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருக்கிறார்கள். நிலமும் மொழியும் பறிபோனவர்களைப் பற்றிப் பேசும்போது தமிழர்களாகிய நமக்கு நாக்கு கூச வேண்டாமா?

சூதாட்டத்தை நான் ஆதரிக்கிறேன் என்று இதற்கும் திரிப்பீர்கள். ஆதரிக்கவில்லை. வேறு தொழிலில் அவர்கள் வளர்ந்திருந்தால் இன்னும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வேறு தொழிலுக்கான மண்ணை அவர்களிடம் யார் விட்டுவைத்தார்கள்?

அந்த இரவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேலியில் அது காணாமல் போய்விட்டது. எங்கள் அறை பதினாறாம் மாடியில். அம்மா தூங்கவே இல்லை. நாற்காலியைச் சன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு பெரிய மலைகளுக்கு நடுவே கணவாய். அதில் நூற்றுக்கணக்கான காற்றாலைகள். இருட்டில் சிவப்பு விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்து ஒரே நேரத்தில் அணைந்தன. கீழே சரக்கு ரயில் ஒன்று முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. "இது ஆரல்வாய்மொழி மாதிரியே இருக்கிறதே" என்றார் அம்மா. எனக்குச் சிலிர்த்துவிட்டது. பணகுடிக்காரர் அவர். மலை இடுக்கில் வந்து மோதும் காற்று, முப்பந்தல் காற்றாலைகள், எல்லாம் பிறந்த ஊர்ப் பக்கம் பார்த்துப் பழகியவை. ஏறக்குறைய பதினைந்தாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து, வேறொரு மக்களின் மண்ணில், தன் ஊர்க் காற்றைக் கண்டுபிடித்துவிட்டார்.

மறுநாள் காலை பாம் கேன்யன் என்ற பள்ளத்தாக்குக்குக் கூட்டிப்போனோம். கவீயா மக்களில் அகுவா காலியந்தே என்ற பிரிவினரின் நிலம் அது. பாறைக்கு நடுவே ஓடை, ஓடையின் இரண்டு பக்கமும் பனைக் கூட்டம். நம் பனை இல்லை, காய்ந்த ஓலை பாவாடை கட்டியது போல் அடிமரம் வரை தொங்கும் வேறு வகை. அதன் ஓலையில் அவர்கள் கூரை வேய்ந்தார்கள், செருப்புப் பின்னினார்கள், பழத்தைத் தின்றார்கள் என்று என் கணவர் சொல்லச் சொல்ல, அம்மா ஓர் ஓலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார். அம்மாவின் அம்மா ஓலைப்பெட்டி முடைந்து விற்றுத்தான் பிள்ளைகளை வளர்த்தவர். அந்தப் படமும் என் பக்கத்தில் இருக்கிறது. யாரும் எடுத்துப் பகிரவில்லை.

"வேடிக்கைக்குப் போட்டது, இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?" என்று, அந்தப் படத்தைக் குழுவில் போட்ட நீங்கள் நேற்று எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினீர்கள். உங்களை எட்டு ஆண்டுகளாக அண்ணா என்றுதான் கூப்பிடுகிறேன். உங்கள் அம்மா இங்கே வந்திருந்தபோது கோயிலுக்கும் மருத்துவரிடமும் என் காரில்தான் வந்தார். அவர் படத்தை எடுத்து நான் இப்படி நாலு பேர் சிரிக்கப் போட்டிருந்தால், வேடிக்கை என்று விட்டிருப்பீர்களா?

அம்மாவிடம் இதைச் சொல்லவே கூடாது என்று இருந்தேன். குழுவில் இருக்கும் யாரோ ஊரில் என் அத்தைக்கு அனுப்பி, அத்தை அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டார். அன்றிரவு அம்மா சாப்பிடவில்லை. "நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா? உனக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டேனா?" என்று கேட்டார். பள்ளி ஆண்டு விழாவுக்கு வரவில்லை என்கிறார். அதற்காகவே எடுத்துவைத்திருந்த பச்சைப் பட்டுப் புடவையை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

பதினான்காம் தேதி அவருக்கு விமானம். அண்ணா, அந்தப் படம் இன்னும் குழுவில்தான் இருக்கிறது. எனக்கு விளக்கம் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். அதற்குள் அதை எடுத்துவிடுங்கள்.