இன்னும் மண் பதத்துக்கு வரவில்லை

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஜன்னலுக்குப் போய்த் தோட்டத்தைப் பார்க்கிறேன். நேற்றுப் பார்த்த அதே தோட்டம்தான். வேலியோரம் அழுக்கேறிய பனி, கறுத்துப்போன தண்டுகள், நீர் தேங்கிய பாத்தி. ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. குளிர்காலம் தொடங்கும்போது இந்த ஏக்கம் இருப்பதில்லை, அப்போது உடம்பே ஓய்வு கேட்கும். முடியப்போகிற இந்தக் கடைசி வாரங்கள்தான் பாடாய்ப் படுத்துகின்றன.

போன வாரம் இரண்டு நாள் நல்ல வெயில். மனசு கேட்காமல் மண்வெட்டியோடு இறங்கிவிட்டேன். ஒரு பிடி மண்ணை அள்ளி அழுத்திப் பார்த்தேன். விரல் இடுக்கில் நீர் கசிந்தது. கையை விரித்தால் உருண்டை அப்படியே நிற்கிறது, தட்டினாலும் உதிரவில்லை. சரி, இன்னும் பதம் வரவில்லை என்று மண்வெட்டியைத் திரும்ப வைத்துவிட்டேன். இந்த ஈரத்தில் கொத்தினால், மிதித்தாலே கூட, மண்ணுக்குள் காற்று போகிற வழியெல்லாம் அடைபட்டு, காய்ந்ததும் செங்கல்லாக இறுகிவிடும். ஒரு வருடம் ஆசைப்பட்டு அப்படிக் கொத்திய பாத்தியில் கேரட் எல்லாம் இரண்டு காலும் மூன்று காலுமாகப் பிரிந்து வந்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

“இந்த வருடமாவது வசந்தம் சீக்கிரம் வரட்டும்” என்று பலரும் சொல்கிறார்கள். ஏக்கம் எனக்கும் அதேதான், ஆனால் அந்த வேண்டுதலில் நான் சேரமாட்டேன். ஆப்பிள் மரம் சும்மா தூங்கவில்லை, குளிரைக் கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறது. ஏறக்குறைய 0 முதல் 7 டிகிரி வரையிலான குளிரில் 800 முதல் 1000 மணி நேரம் கழிந்தால்தான் பல ரகங்களின் மொட்டுகள் ஒழுங்காக விழிக்கும். இறுக மூடிய மொட்டு மைனஸ் 20 டிகிரியைக்கூடத் தாங்கிவிடும். அதே மொட்டு பூவாக விரிந்த பிறகு மைனஸ் 2 டிகிரியில் கருக ஆரம்பிக்கும், மைனஸ் 4 டிகிரி ஓர் அரை மணி நேரம் நீடித்தால் பெரும்பாலான பூக்கள் போய்விடும். பொய்யான வெயிலை நம்பி முந்திப் பூத்த மரத்தில் ஒரு ராத்திரி உறைபனி விழுந்தால், மறுநாள் பூவின் நடுப்பகுதி பழுப்பாகியிருக்கும். அந்த வருடம் காய் இல்லை. துலிப் கிழங்குக்கும் 12 வாரத்துக்குக் குறையாத குளிர் வேண்டும். பூண்டுக்குக் குளிர் போதாவிட்டால் பல் பிரியாமல் ஒற்றைக் குண்டாக நின்றுவிடும்.

அதனால்தான் கையின் அரிப்பை வேறு வேலைகளில் தீர்த்துக்கொள்கிறேன். ஆப்பிளுக்குக் கவாத்து செய்ய, அதாவது வேண்டாத கிளைகளை வெட்டிவிட, இதுதான் சரியான நேரம், இலை இல்லாததால் கிளையின் அமைப்பு தெளிவாகத் தெரியும். மிளகாய் விதையைக் கடைசி உறைபனிக்கு எட்டு வாரம் முன்னால் வீட்டுக்குள் போடலாம், தக்காளிக்கு ஆறு வாரம் போதும். அதற்கும் முன்னால் போட்டால் வெளிச்சம் போதாமல் நாற்று வெளிறி, நெட்டையாகி, சாய்ந்துவிடும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். தோட்டத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று காய்ந்த தண்டுகளை இப்போதே வெட்டி எரித்துவிடாதீர்கள். உள்ளே துளையாக இருக்கும் தண்டுகளில் சின்னச் சின்னத் தேனீ வகைகள் குளிரைக் கழித்துக்கொண்டிருக்கின்றன. நம்மைப் போலவே அவையும் காத்திருக்கின்றன. வீட்டு முன்பக்கம் இன்னும் சில வாரம் அலங்கோலமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

நேற்றுச் சாயங்காலம் வழக்கமாக இருட்டிவிடும் நேரத்திலும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு போய், பாத்திக்கு வெளியே நின்றபடியே குனிந்து, பூண்டுப் பாத்தியின் சருகை விரலால் விலக்கினேன். நான்கு முளைகள். சுண்டுவிரல் நகம் அளவுதான், நுனி மட்டும் பச்சை, அடி இன்னும் வெள்ளை. ஒரு முளையின் மேல் ஒட்டியிருந்த ஈர மண்ணைக்கூட எடுக்கவில்லை. ராத்திரி மறுபடி உறையும் என்று சொல்லியிருந்தார்கள். சருகை அப்படியே மூடிவிட்டு வந்தேன்.