சமையலறைச் சுவரை முழுசா இடிக்காதீங்க

ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் நிற்கும் சுவரைத் தரையோடு எடுத்துவிட்டு ‘ஓப்பன் கிச்சன்’ ஆக்குவது இப்போது எல்லா ஊரிலும் நடக்கிறது. தினமும் தாளித்து, வறுத்து, பொரிக்கும் வீட்டுக்கு அது சரிவராது என்பது என் உறுதியான கருத்து. சுவரின் நடுப்பகுதியை மட்டும் திறங்க. கீழே மூன்றரை அடியும், 7 அடி லிண்டல் (கதவு, ஜன்னல் திறப்பின் மேல் சுவரைத் தாங்கும் கான்கிரீட் பட்டை) மட்டத்துக்கு மேலே இருப்பதும் அப்படியே நிற்கட்டும். வெளிச்சம் வரும், சமைப்பவர் ஹாலில் இருப்பவர்களோடு பேசலாம், தோசையைச் சுடச்சுட நீட்டலாம். அதற்கு இந்தத் திறப்பே போதும்.

மேல்சுவர் ஏன் வேண்டும்? மிளகாய் நெடியும் எண்ணெய்ப் புகையும் சூட்டோடு நேரே கூரைக்கு ஏறி, அங்கிருந்துதான் பரவும். மேலே தடுப்பு இருந்தால் புகை பெரும்பாலும் உள்ளேயே தேங்கும், எக்ஸாஸ்ட் ஃபேன் இழுத்து வெளியே தள்ளும். அது இல்லாவிட்டால் திரைச்சீலை, சோபா, ஃபேன் இறக்கை எல்லாம் பிசுக்குதான்.

கீழ்ச்சுவர் ஹால் ஃபேன் காற்று அடுப்புத் தீயை அலைக்காமல் காக்கும். மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் பிளக் வைக்க இடம் தரும். கழுவாத பாத்திரம் ஹாலிலிருந்து தெரியாது. முக்கியமாக, தரை தப்பிக்கும். முழுச்சுவரை எடுத்தால் அது நின்ற இடத்தில் ஏறக்குறைய 6 இன்ச் அகலத்துக்கு டைல்ஸ் இருக்காது. பழைய டைல்ஸ் அதே ஷேடில் கிடைப்பது அபூர்வம். கிரானைட் பட்டை போட்டு ஒப்பேற்ற வேண்டும், இல்லையென்றால் இரண்டு அறைத் தரையையும் மாற்ற வேண்டும். அரைச்சுவர் மேல் 12 இன்ச் கிரானைட் பலகை போட்டால் சாப்பிடும் மேடை தயார். ஹால் பக்கம் 6 இன்ச்சுக்கு மேல் நீட்டினால் அடியில் பிராக்கெட் கொடுத்துவிடுங்க.

கை வைக்கும் முன் அது என்ன சுவர் என்று பாருங்க. தூண், பீம் போட்டுக் கட்டிய வீட்டில் நாலரை இன்ச் சுவர் பெரும்பாலும் தடுப்புச் சுவர். ஆனால் பரண் பலகை அதில் செருகியிருந்தால் அந்தப் பாரமும் அதன் தலையில்தான். பழைய வீட்டு 9 இன்ச் சுவர் கூரையையே தாங்கியிருக்கலாம். மைவான் முறையில் (அலுமினிய அச்சு வைத்துச் சுவரையும் கூரையையும் சேர்த்து) வார்த்த அடுக்குமாடியில் சுவரே கான்கிரீட் என்பதால் தொடவே கூடாது. எதுவானாலும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்காமல் கொத்தனார் சொன்னார் என்று இறங்காதீங்க.

லிண்டல் இல்லாத இடத்தில் முதலில் முட்டுக் கொடுத்து லிண்டலைப் போட்டு, பிறகுதான் கீழே உடைக்க வேண்டும். இரண்டு பக்கமும் குறைந்தது 6 இன்ச் சுவருக்குள் அது உட்கார வேண்டும். அங்கேயே வார்த்தால் 7 நாள் தண்ணீர் விட்டு, 14 நாள் முட்டுக்கட்டைகளை எடுக்காமல் வைங்க. உடைப்பதற்கு பிரேக்கர் மெஷின் வேண்டாம், அதிர்வில் பக்கத்துச் சுவர் பூச்சு விரிசல் விடும். இரண்டு பக்கமும் கட்டரால் கோடு அறுத்துவிட்டு, மேலிருந்து செங்கல் செங்கலாக எடுக்கச் சொல்லுங்க.

அடுப்பை வெளிச்சுவர் ஓரமாக வைத்தால் சிம்னி குழாய் சின்னதாகும். குழாய் 6 இன்ச் இருக்கட்டும், 4 இன்ச்சுக்குக் குறுக்கினால் சத்தம் ஏறும், இழுப்பு குறையும். ஒவ்வொரு வளைவும் இழுப்பைத் தின்னும். கரி ஃபில்டர் வைத்து புகையை உள்ளேயே சுற்றவிடும் வகை நம் சமையலுக்கு உதவாது.

சிலிண்டரை மேடைக்கு அடியில் மூடிய கேபினெட்டில் வைக்கிறார்கள், இது கவலையான விஷயம். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். கதவின் அடியில் காற்றுத் திறப்பு கட்டாயம் வேண்டும். ரப்பர் ஹோஸ் ஒன்றரை மீட்டருக்குள் இருக்கணும், சுவருக்குள் புதைக்கக் கூடாது, 5 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றணும்.

இண்டக்‌ஷன், ஓவனுக்குத் தனித்தனி 16 ஆம்பியர் லைன், 4 ஸ்கொயர் எம்எம் ஒயர், போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்). சுவர் பூசும் முன்பே இதையெல்லாம் முடித்துவிடணும். சிங்க் கேபினெட்டுக்கு எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) போட்டால் ஒரு கசிவிலேயே உப்பிவிடும், ஐஎஸ் 710 முத்திரை உள்ள, தண்ணீர் தாங்கும் மரைன் ப்ளைவுட் கேளுங்க. மாடுலர்காரர் அளவெடுக்க வருவது டைல்ஸும் மேடையும் முடிந்த பிறகுதான். முன்னாடியே எடுத்த அளவில் செய்த பெட்டி, பூச்சும் டைல்ஸும் ஏறிய சுவருக்கு நடுவில் நுழையாது.