கட்டி முடித்த கடனுக்கு பாக்கியாம்

பைக் லோனைக் கட்டி முடித்து, தடையில்லாச் சான்று வாங்கி, ஆர்.சி. புத்தகத்திலிருந்து கடன் கொடுத்தவன் பேரையும் நீக்கி இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் வீட்டுக்கடன் கேட்டு பாளையங்கோட்டையில் ஒரு வங்கிக்குப் போனால், "சிபில்ல ஒரு லோன் பாக்கி நிக்குதே, அண்ணாச்சி" என்கிறார்கள். (கடன் கொடுத்தவர்கள் அனுப்பும் விவரத்தை வைத்து நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் நிறுவனம்தான் சிபில்.) பாக்கி எவ்வளவு? 412 ரூபாய். ரெண்டு கிலோ அல்வாவுக்குக்கூடக் காணாது!

பைக் லோன் கொடுத்த வண்ணார்பேட்டைக் கிளையில் கேட்டால், "எங்க சிஸ்டத்துல முடிஞ்சிட்டு, சிபில்ல கேளுங்க." சிபிலில் புகார் போட்டால், கடன் கொடுத்தவர் உறுதி செய்யாமல் நாங்களாகத் திருத்த முடியாதாம். அதுவும் நியாயம்தான். தப்பாக அனுப்பினவன்தானே திருத்தி அனுப்ப வேண்டும்? தவணை ஒரு நாள் பிந்தினால் மட்டும் காலை எட்டு மணிக்கே போன் அடிக்கத் தெரிகிறது, சவத்துப் பயல்களுக்கு.

புகார் கொடுத்து 30 நாளில் தீராவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 2024 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கிறது. இன்றோடு 43 நாள். ஆக, இப்போது எனக்குத்தான் 1,300 ரூபாய் பாக்கி வர வேண்டும். இதை எந்தச் சிபிலில் போய் ஏற்ற?