அஞ்சு எழுத்து கிடைக்கலேன்னா இங்கிலீஷ் தெரியாதா?

ஒளிந்திருக்கிற ஐந்தெழுத்து இங்கிலீஷ் வார்த்தையை ஆறு வரிக்குள் கண்டுபிடிக்கச் சொல்கிற வேர்டில் விளையாட்டை ஆடுகிற எல்லாரும் நன்றாக ஆடுங்கள். காலையில் காபியோடு ஆடுங்கள், ஆபீஸ் பஸ்ஸில் ஆடுங்கள், எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. ஆனால் எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, இடம் மாறியிருந்தால் மஞ்சள் என்று வருகிற அந்தக் கட்டங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒட்டிவிட்டு, அடுத்தவர் இங்கிலீஷுக்கு மார்க் போடுகிற வேலையைத் தயவுசெய்து நிறுத்துங்கள். தாங்க முடியவில்லை.

நான் காலேஜில் இங்கிலீஷ் பாடம் எடுக்கிறவள். எங்கள் குரூப்பில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. ஆறு வரியும் தீர்ந்து எனக்குத் தோல்விக் குறியான எக்ஸ் வந்த அன்று, ரிட்டயரான சித்தப்பா வாய்ஸ் நோட்டே அனுப்பிவிட்டார். "என்னம்மா, லெக்சரர் மேடமே இன்னிக்கு ஃபெயிலா? அப்புறம் பசங்களுக்கு என்னத்தைச் சொல்லித் தர்ற?" கீழே வரிசையாகக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மைகள். அத்தை வேறு, "விடுங்கண்ணா, பாவம் குழந்தை" என்கிறார். ரிட்டயர்மென்ட்டை எண்ணிக்கொண்டிருக்கிற குழந்தை!

அன்றைக்கு நடந்ததைக் கேளுங்கள். இரண்டாவது வரியில் 'லைட்' போட்டேன். ஐ, ஜி, ஹெச், டி நாலும் பச்சை, எல் மட்டும் அவுட். மிச்சம் ஃபைட், மைட், நைட், ரைட், சைட், டைட், போதாததற்கு எட்டு என்கிற எய்ட். ஆக ஏழு வார்த்தைகள், கையில் நாலு வரி. இதில் எதற்கு எனக்கு அர்த்தம் தெரியாது? யூகேஜி பிள்ளைக்கே எல்லாம் தெரியும். மூளை இருக்கிறவர்கள் இந்த இடத்தில் 'ஃபார்ம்ஸ்' என்று ஒரு வார்த்தையைப் போட்டு, எஃப், ஆர், எம், எஸ் நாலையும் ஒரே வரியில் சோதித்துவிடுவார்கள். அதை நானும் செய்திருப்பேன். ஆனால் ஹார்டு மோடு போட்டால்தான் ஆட்டம் என்பது சித்தப்பா போட்ட சட்டம். ஹார்டு மோடில் கிடைத்த எழுத்துகளை விட்டு வெளியே போகவே முடியாது. அப்புறம் என்ன, ஏழு சீட்டில் நாலு சீட்டு எடுக்க வேண்டியதுதான். இது சீட்டுக் குலுக்கல். இதில் தோற்றவளுக்கு இங்கிலீஷ் தெரியாதாம்.

ஒரு வார்த்தையைத் தெரிந்து வைத்திருப்பது வேறு, எழுத்தை வைத்து அதைத் தோண்டி எடுப்பது வேறு. இது ஏன் யாருக்கும் உறைக்க மாட்டேன் என்கிறது? 1973ல் டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தார்கள். ஆங்கிலத்தில் கே என்ற எழுத்தில் தொடங்குகிற வார்த்தைகள் அதிகமா, கே மூன்றாவதாக வருகிற வார்த்தைகள் அதிகமா? பெரும்பாலானவர்கள் தொடங்குவதுதான் அதிகம் என்றார்கள். உண்மையில் மூன்றாவதாக வருவதுதான் அதிகம். எல், என், ஆர், வி என்று அவர்கள் கேட்ட மற்ற எழுத்துகளுக்கும் இதே கதைதான். முதல் எழுத்தைச் சொன்னால் வார்த்தை ஓடி வருகிறது, மூன்றாவது எழுத்தைச் சொன்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்கக்காரனுக்கும் அப்படித்தான். பின்னாளில் பொருளாதார நோபல் வாங்கிய கானமன் பேச்சைவிடச் சித்தப்பாவின் வாய்ஸ் நோட் பெரிதா?

நம்பிக்கை இல்லையென்றால் தமிழிலேயே பாருங்கள். சித்தப்பாவையே கேட்டேன்: "நாலு எழுத்து, மூணாவது எழுத்து ழ வரிசை, சொல்லுங்க சித்தப்பா." ரொம்ப நேரம் 'டைப்பிங்' என்று காட்டியது. கடைசியில் 'கிழங்கு' என்று வந்தது. அதில் ழ இரண்டாவது. பவழம், நிகழ்வு, மகிழ்வு எல்லாம் பிறந்ததிலிருந்து அவர் காதில் விழுகிற வார்த்தைகள்தான். அதற்காக உங்களுக்குத் தமிழ் தெரியாது என்று நான் சொன்னேனா?

இன்னொன்று. இந்த ஆட்டத்தில் வருவது என்னவோ முழு இங்கிலீஷ் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. ஜாஷ் வார்டில் என்கிற சாஃப்ட்வேர் இன்ஜினியர் தன் இணையர் பலக் ஷாவுக்காகச் செய்த விளையாட்டு இது. ஐந்தெழுத்து வார்த்தைகள் சுமார் 12,000 இருந்தன. அதில் தனக்குத் தெரிந்தது, தெரியாதது என்று அந்த அம்மா பிரித்துப் பிரித்துச் சுமார் 2,500க்குக் கொண்டுவந்தார். 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கியபோது இருந்த விடைப் பட்டியலுக்கு அடித்தளம் அதுதான். நியூயார்க் புரூக்ளினில் இருந்த ஒருவருக்குப் பழக்கமான வார்த்தைகள். அவ்வளவுதான் விஷயம்.

அதனால்தான் 2022 தொடக்கத்தில் ஃபேவர், ஹ்யூமர் என்று யூ இல்லாத அமெரிக்க ஸ்பெல்லிங்கில் விடைகள் வந்து, பிரிட்டனே கொதித்தது. நம் நிலைமை என்ன? பள்ளிக்கூடத்தில் அந்த யூவை விட்டால் மார்க் வெட்டுவார்கள். நம் தலைக்குள் ஹ்யூமர் ஆறெழுத்து வார்த்தை. அஞ்செழுத்தைத் தேடும்போது அது எப்படி எட்டிப் பார்க்கும்? அதே வருஷம் மே மாதம் ஹோமர் என்று ஒரு விடை. கிரேக்கக் கவிஞர் இல்லை, பேஸ்பாலில் மைதானத்துக்கு வெளியே அடிக்கிற ஹோம் ரன். உலகமே போய் அர்த்தம் தேடியதில், கேம்பிரிட்ஜ் அகராதி அதையே 2022ன் ஆண்டுச் சொல்லாக அறிவித்தது. சிக்ஸருக்கும் அஞ்செழுத்துதான். அதைக் கேட்டால் நியூயார்க்கில் எத்தனை பேர் தேறுவார்கள் என்று பார்ப்போமா? செப்டம்பரில் 'பேரர்' வந்தது. தோல் சீவுகிற கத்தியாம். இரண்டாவது ஏ, கடைசியில் இ, ஆர் என்று பேப்பர், பேஜர், பேயர் எல்லாம் வரிசை கட்டி நிற்க, பலருடைய ஸ்ட்ரீக், அதாவது நாள் தவறாத தொடர் வெற்றி, அதில்தான் அறுந்தது.

சரி, மாட்டிக்கொண்டால் இணையத்தில் தேடலாமே என்று ஒரு அறிவுரை வரும். அந்தக் கொடுமையையும் சொல்லிவிடுகிறேன். 'ஏ, ஆர் உள்ள ஐந்தெழுத்து வார்த்தைகள்' என்று தேடினால் அதற்கென்றே கடை விரித்த பக்கங்கள் வருகின்றன. திறந்ததும் பாதித் திரையில் வீடியோ விளம்பரம். அதை மூடுகிற குறி கடுகளவு. விரல் பட்டால் வேறெங்கோ கொண்டுபோய் விடுகிறது. ஒருவழியாகத் திரும்பி வந்தால் பட்டியல் அகர வரிசையில் நிற்கிறது. முதலில் 'ஆர்க்', எரிச்சலில் கத்துகிற சத்தம். எனக்குப் பொருத்தமான வார்த்தைதான். அடுத்தது 'ஆர்த்தி'. சாமிக்குக் காட்டுகிற அதே ஆரத்தி. வேர்டிலில் போட்டுப் பாருங்கள், ஏற்றுக்கொள்ளும். பிறகு நூற்றுக்கணக்கில் கண்டதும் கேட்டதும் இல்லாத ஜந்துக்கள். ஏ இருக்கிறது, ஆனால் இரண்டாவது இடத்தில் இல்லை. பி, எம் இரண்டும் கிடையவே கிடையாது என்று சொல்லத்தான் எனக்குத் தேவை. நான் மாட்டிக்கொண்ட பக்கத்தில் அதற்கு இடமே இல்லை. அத்தனையையும் நானே கண்ணால் சலிப்பதென்றால், அந்தப் பக்கம் எதற்கு?

தினமும் தவறாமல் மூணாவது வரியில் முடிக்கிறவர்கள் எங்கள் குரூப்பில் இரண்டு பேர் இருக்கிறார்கள். பக்கத்து பிரவுசர் டேபில் என்ன திறந்து வைத்திருக்கிறார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. நல்ல இங்கிலீஷ் என்றே வைத்துக்கொள்ளட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே சிட்னியில் இருக்கிற பெரியம்மா பொண்ணு. அவரவர் ஊர் நள்ளிரவுக்குத்தான் புதுக் கேள்வி வரும். அங்கே நள்ளிரவு என்றால் இங்கே சாயங்காலம் ஆறரை அல்லது ஏழரை. நான் இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருக்கும்போது நாளைய கட்டங்கள் வந்து விழும், கூடவே 'வெரி ஈஸி' என்று ஒரு வரி. உடனே சித்தப்பா என்னை டேக் செய்து, "மேடம், நாளைக்காவது பாஸ் பண்ணுவீங்களா?" என்பார். குரூப்பை ஒரு வருஷத்துக்கு மியூட் போட்டாகிவிட்டது சித்தப்பா. கல்யாணம், காதுகுத்து என்றால் மட்டும் போன் பண்ணுங்கள்.