சாந்தத்தோடும் வணக்கத்தோடும்

விசுவாசத்தைக் காக்கப் போகிறேன் என்று கிளம்புகிறவர்களைப் பார்த்தாலே இப்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பயம். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். வாட்ஸ்அப் குழுவில் யாராவது இயேசுவைப் பற்றி ஒரு மாதிரி எழுதிவிட்டால், ராத்திரி ஒரு மணி வரைக்கும் உட்கார்ந்து பதில் தட்டியிருக்கிறேன். அதனால் ஒருத்தராவது கோயில் பக்கம் வந்தாரா என்றால், இல்லை. குழுவை விட்டுப் போனவர்கள் உண்டு.

போன மாதம் அக்கா மகன் வந்திருந்தான். காலேஜில் மூன்றாம் வருஷம். சாப்பிட உட்கார்ந்தவன் மீன் துண்டைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, "மாமா, கூடப் படிக்க பையன் கேக்கான். உங்கள்ல சாதி இல்லன்னு சொல்லுதீங்க, பொறவு எதுக்குச் சில ஊர்ல கல்லறைத் தோட்டம் தனித்தனியா இருக்குன்னு. நான் என்ன சொல்லட்டும்?" என்றான். இதையே வாலிபர் கூட்டத்திலும் கேட்டிருக்கிறான். சந்தேக ஆவி பிடித்திருக்கிறது, உபவாசம் இருந்து ஜெபம் பண்ணு என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

என் வாயிலும் முதலில் வந்தது மனப்பாடப் பதில்தான்: "அது மனுசன் பண்ணுன தப்பு மக்ளே, மதத்தோட தப்பு இல்ல."

"எல்லா மதத்துக்காரனும் இததான் சொல்லுதான் மாமா."

சரிதானே.

அடுத்த சனிக்கிழமை அவனை பைக்கில் ஏற்றிக்கொண்டு ஆரல்வாய்மொழி போனேன். எங்கள் அம்மா ஆர்.சி. (கத்தோலிக்கர்), அப்பா சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட்). சின்ன வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அங்கே உள்ள காற்றாடிமலை ஏறியது நினைவில் இருக்கிறது. 1752 ஜனவரி 14-ல் தேவசகாயத்தைச் சுட்டுக் கொன்ற இடம். நட்டாலத்தில் பிறந்தவர், முதல் பெயர் நீலகண்டன், திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மாவின் அரண்மனையில் வேலை. குளச்சல் போரில் 1741-ல் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாயிடமிருந்து வேதாகமத்து யோபுவின் கதையைக் கேட்டு, 1745-ல் ஞானஸ்நானம் வாங்கியவர். 1749-ல் பிடித்தார்கள். எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் பின்பக்கம் பார்க்க உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்று அம்மா சொல்லுவாள். கிட்டத்தட்ட மூன்று வருஷம். ராஜதுரோகத்துக்காகத்தான் கொன்றார்கள், மதத்துக்காக இல்லை என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதையும் அவனிடம் சொன்னேன். நான் மறைத்தால் கூகுள் சொல்லப் போகிறது.

அங்கே மணியடிச்சான் பாறை என்று ஒன்று உண்டு. கல்லால் தட்டினால் கோயில் மணி மாதிரி சத்தம் வரும். பையன் நாலைந்து தடவை தட்டிப் பார்த்தான். காற்று தூக்கிக்கொண்டு போய்விடும் போல இருந்தது. ஹெல்மெட்டைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி நின்றோம்.

அப்புறம் வடக்கன்குளம். தேவசகாயம் ஞானஸ்நானம் வாங்கிய ஊர். அதே ஊரில்தான் 1872-ல் சாதிக்கு ஒரு பக்கமாக, இரண்டு கால் வைத்த கால்சட்டை மாதிரி ஒரு கோயிலைக் கட்டினார்கள். பீடம் ஒன்று, ஜனம் இரண்டு. 1910-ல் நடுவில் இருந்த தடுப்பை எடுத்ததும் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். கோயிலுக்குள் சாதி உரிமை என்று ஒன்று கிடையாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. வேதாகமத்தைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு இதைச் சொல்ல ஒரு கோர்ட்டு! 2022-ல் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது பெயருக்குப் பின்னால் இருந்த 'பிள்ளை'யை எடுத்துவிட்டார்கள். அதற்கும் நம் ஆட்களில் சிலருக்கு வருத்தம்.

"ஆமா, உன் ஃபிரண்டு சொல்றது உண்மைதான்னு சொல்லு. தனிக் கல்லறை இருக்கு, அது பாவம். அதைச் சொல்லிட்டு, நீ எதுக்கு இன்னும் இயேசுவை விடலன்னும் சொல்லு" என்றேன். இதைத்தான் உங்களிடமும் சொல்ல வந்தேன். சபையின் குற்றத்தை மூடி மறைப்பதை விசுவாசத்துக்காக நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். தப்பைத் தப்பு என்று ஒத்துக்கொண்டால் ஆட்டம் காணும் விசுவாசத்தை வைத்துக்கொண்டு எருமை மேல் மூன்று வருஷம் உட்கார முடியாது.

எல்லாரும் எடுத்துப் போடுகிற ஒரு வசனம் பேதுருவின் முதல் நிருபத்தில் இருக்கிறது. நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்". உத்தரவு என்றால் இங்கே பதில். போஸ்டரில் 'ஆயத்தமாயிருங்கள்' மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். எழுதியவர் யாரென்று பாருங்கள். கெத்செமனே தோட்டத்தில் பிடிக்க வந்தவர்களிடமிருந்து இயேசுவைக் காப்பாற்றுகிறேன் என்று பட்டயத்தை உருவி, பிரதான ஆசாரியனின் வேலைக்காரன் மல்குஸின் காதை வெட்டியவர். அந்தக் காதை இயேசுவே தொட்டுச் சுகமாக்க வேண்டியிருந்தது. அதே ராத்திரி, குளிர்காயும் இடத்தில் நீயும் இயேசுவின் சீஷன்தானே என்று ஒரு வேலைக்காரப் பெண் கேட்ட ஒரு கேள்விக்கு அவரிடம் நேரான பதில் இல்லை. பட்டயம் தூக்கத் தெரிந்தது, பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த அனுபவம் இருந்ததால்தான் 'சாந்தத்தோடும்' என்ற வார்த்தையைப் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

நேற்று ராத்திரி பையனிடமிருந்து மெசேஜ்: 'மாமா, ஃபிரண்டுகிட்ட சொன்னேன். அவன் அடுத்ததைக் கேக்கான். கானானியரைக் குழந்தைகளோட சேர்த்துக் கொல்லச் சொன்னது எந்த அன்பு?'

இன்னும் பதில் அனுப்பவில்லை. அந்தக் கதை வரும் யோசுவாவின் புத்தகத்தை முதல் அதிகாரத்திலிருந்து திரும்ப வாசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஃபிரண்டையும் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வா என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.