“மேலே மழையோ?” என்று கேட்டால் சிரிக்கிற வழிகாட்டி எதற்கு?

காலை எட்டு மணிக்கு மலையிடுக்கு ஆற்றில் இறங்கலாம் என்று சொல்லித்தான் வழிகாட்டி காசு வாங்கினார். மலையிடுக்குக்குள் எங்களை இறக்கும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. கிளிநொச்சியில் இருந்து இரவிரவாக வான் பிடித்து வந்து, விடியவே மலைப்பக்கத்துக் கித்துல்கலையில் நின்ற சனம் நாங்கள். இன்னொரு குழுவையும் சேர்த்துக் கூட்டிப்போனால் லாபம் என்று எங்களைத் தேத்தண்ணிக் கடையில் இருத்தி வைத்தார்.

போனது நேரம் மட்டும் என்றால் பேசாமல் விட்டிருப்பேன். சித்திரையில் எங்கள் வன்னியில் குளமெல்லாம் வற்றிக்கொண்டு கிடக்கும். அந்த மலைப்பக்கத்திலோ பின்னேரமானால் இடியோடு மழை கொட்டுகிற காலம். அதனால்தான் காலையிலேயே இறங்கி, வானம் இருள முன் ஏறிவிட வேண்டும். இரண்டு பக்கமும் பாறைச்சுவர், ஒதுங்க இடமே இல்லை. நாங்கள் நிற்கிற இடத்தில் வெயில் எறிக்கும், மேலே பெய்த மழை வெள்ளமாக வந்துவிடும். தண்ணீர் கலங்கினால், சருகும் தடியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால் உடனே மேட்டுக்கு ஏற வேண்டும். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதாதா?

அவர் சொன்னது ஆங்கிலத்தில் நாலு வசனம். ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம், பிந்தி வர வேண்டாம், அவ்வளவுதான். அதுகூட மாமிக்கும் பெரியம்மாவுக்கும் விளங்கவில்லை. தமிழ் ஆட்கள் வருகிறோம் என்று பதியும்போதே அவருக்குத் தெரியும். பக்கத்தில்தான் கினிகத்தேனை, ஹற்றன். தமிழ் பேசுகிற பெடியளுக்கு அங்கே பஞ்சமா? ஒருவரைக் கூலிக்குப் பிடிக்க மனமில்லை.

“தம்பி, மேலே மழையோ?” என்று பெரியப்பா கேட்டார். எங்கள் பெடியன் ஒருவன் அதை ஆங்கிலத்தில் சொல்ல, வழிகாட்டி சிரித்துவிட்டு, பயப்பட வேண்டாமாம் என்று கையை ஆட்டினார். எனக்குக் கொதித்தது. பெரியப்பா கிளிநொச்சி இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயல் செய்கிற மனிதர். வவுனியாப் பக்கம் பெய்கிற மழை கனகராயன் ஆற்றால் வந்து குளத்தை நிரப்பும் என்பதைப் பார்த்தே வளர்ந்தவர். 2018 மார்கழியில் வான்கதவுகள் திறந்து வெள்ளம் ஊருக்குள் வந்ததையும் கண்டவர். அவர் கேட்டது பயந்தவன் கேள்வியா?

பாதி வழியில் இடி முழங்கியது. சிரித்தவர்தான் முதல் ஆளாகத் திரும்பினார். கையில் ஒரு கயிறுகூட இல்லை. வழுக்குப் பாறையில் மாமியை இழுத்து ஏற்றியது எங்கள் பெடியள். ஏறி முடிய, கீழே தண்ணீர் செம்மண் நிறமாகிவிட்டது. பாதிக் காசையாவது திருப்பித் தாருங்கள் என்றால், மழைக்கு நான் என்ன செய்ய என்கிறார்.

மழைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், அண்ணை. எட்டு மணி என்றால் எட்டு மணிக்கு இறக்குங்கள். பிந்தினால் இறக்காதீர்கள், காசைத் திருப்பிக் கொடுங்கள். இறங்க முன் எங்களுக்கு விளங்கிற தமிழில் சொல்லுங்கள்.